மிச்ச மருந்து

மோப்பத் தண்ணி என்று பெயர் வைத்தது நான் இல்லை, நாற்றுப்பண்ணைப் பெண்கள். கம்பெனிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத வேறொரு பெயர் வைத்திருந்தார்கள். அது கேன்மேல் மட்டும் இருந்தது. ஒரு செடியின் இலையை மெஷினுக்குக் காட்டினால் போதும். இலைக்குள் எழுதியிருக்கிற வம்சக் கணக்கை மெஷின் படித்து, அந்தச் செடியை மட்டும் கொல்லும் மருந்தைக் கலந்து கொடுத்துவிடும். பக்கத்துச் செடியின் தலையில் ஒரு குடம் ஊற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. போலீஸ் நாய்க்குத் துணியை மோப்பம் காட்டுகிற மாதிரி என்று யாரோ சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது.

எனக்கு எந்தக் களைக்கொல்லியையும் பிடிக்காது. அதனால்தான் கரட்டுமேடு தேக்குத் தோட்டத்தில் என்னைப் பாதுகாப்பு அதிகாரியாக வைத்திருக்கிறார்களோ என்னவோ. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, ஓடை எவ்வளவு தூரம், கையுறை கிழிந்திருக்கிறதா, அடித்த இடத்துக்குள் ஆள் எப்போது போகலாம் என்று எல்லாவற்றுக்கும் நான் தலையாட்ட வேண்டும். நான் லேசில் தலையாட்டுகிற ஆள் இல்லை. யசோதா மேடம் வந்தால் காற்றுகூட நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். பேசட்டும்.

இந்த வேலையே ஒரு குழந்தை செத்த பிறகு உண்டாக்கிய வேலை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், நான் இங்கே வருவதற்கு முன்பு, விருந்தினர் பங்களாவில் திருமூர்த்தி என்று ஒரு காவலாளி இருந்தார். பாதையோரப் புல்லுக்கு அடித்த பழைய கால மருந்தில் கொஞ்சம் மிஞ்சியது. வீட்டு வாசல் புல்லுக்கு ஆகுமே என்று அதை ஒரு மாம்பழ ஜூஸ் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோனார். அவருடைய மகள் இனியாவுக்கு நாலு வயது. ஒரு வாய்தான் குடித்தாள். அந்த மருந்துக்கு முறிமருந்து கிடையாது. நினைவு தப்பாது, நுரையீரல்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். கடைசி வரைக்கும் தெளிவாகப் பேசிக்கொண்டே இருந்தாளாம். திருமூர்த்தி அதன்பின் திருப்பூருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. குழந்தையின் அம்மா நாகஜோதி மட்டும் இங்கேயே நாற்றுப்பண்ணையில் வேலை செய்துகொண்டிருக்கிறாள். கையுறை போடச் சொல்லி நான் யாரையும் திட்டும்போது அவள் பக்கம் பார்க்க மாட்டேன்.

மோப்பத் தண்ணியைக் கொண்டுவந்தவர் ஜெபராஜ். கம்பெனியின் தொழில்நுட்ப ஆள், தூத்துக்குடிப் பக்கம். நல்ல மனுஷன்தான், ஆனால் மெஷின்மேல் சொந்தப் பிள்ளைமேல் வைக்கிற நம்பிக்கை. முதலில் பங்களா புல்தரையில் செய்து காட்டினார். அந்தப் புல்தரையில் கோரை புகுந்து வருஷக்கணக்காகத் தோட்டக்காரர்களின் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு கோரை இலையை மெஷினில் வைத்தார், தெளித்தார். ஒரு வாரத்தில் கோரை மட்டும் பழுத்துச் சாய்ந்தது; புல் அப்படியே பச்சையாக நின்றது. நானே குனிந்து தடவிப் பார்த்தேன். எனக்கே ஆச்சரியம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்தது மலைச்சரிவு. அங்கே களை என்றால் உண்ணிச்செடி. பார்க்க அழகாகப் பூக்கும், வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்கு என்று கொண்டுவந்தது. இப்போது தேக்குக்கு அடியில் ஆள் நுழைய முடியாமல் படர்ந்து கிடக்கிறது. அதற்குக் கீழே ஒரு புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் மான் இல்லை, யானைக்குத் தீனி இல்லை, அது நேராக ஊருக்குள் வருகிறது. உண்ணிச்செடிமேல் எனக்கு ஒரு துளி இரக்கம் கிடையாது.

ஆனால் சரிவில் நடந்த முதல் சோதனையில் தேக்கு நாற்று முந்நூறு வாடிவிட்டது. ஜெபராஜை நிற்க வைத்துக் கேட்டேன்.

"வேற எதுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே, இது என்ன?"

"அது வந்து மேடம், தேக்கும் உண்ணியும் தூரத்துச் சொந்தம். பழைய புத்தகத்துல ரெண்டையும் ஒரே குடும்பத்துலதான் வச்சிருந்தாங்க. நாம நிறையச் செடியோட இலையக் காட்டுனோம்லா? மெஷின் எல்லாத்துக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாத்து அதப் புடிச்சுக்கிடுச்சு. அந்தப் பொதுவுல கொஞ்சம் தேக்குலயும் இருக்கு."

"அப்போ இலக்கைக் குறுக்குங்க."

"எவ்வளவு குறுக்கணும்?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஒரே செடி, ஒரே இலை."

அவர் தலையைச் சொறிந்தார். "ரொம்பக் குறுக்குனா உண்ணியிலயே சிலது தப்பிச்சிரும் மேடம்."

"தேக்கு சாகுமா?"

"சாகாது."

"தப்பிக்கறதை அடுத்த வருஷம் பாத்துக்கலாம். குறுக்குங்க."

எந்தச் செடியின் இலை வேண்டும் என்று மெஷினுக்குத் தெரிவதற்கு, அதில் ஒரு மஞ்சள் நாடா கட்டுவது அவர்கள் வழக்கம். நாலு கால் உள்ள ஒரு மெஷின் ஆட்டுக்குட்டி மாதிரித் தானாகச் சரிவில் ஏறிப்போய், மஞ்சள் நாடா கட்டிய செடியைத் தேடி, ஒரு இலையைச் சதுரமாகக் கத்தரித்துக்கொண்டு திரும்பி வரும். ஜெபராஜ் மேட்டுப் பாதைக்குப் பக்கத்தில் வாட்டசாட்டமான ஒரு புதரைத் தேர்ந்தெடுத்து நாடாவைக் கட்டிவிட்டு வந்தார்.

மருந்து அடிப்பதற்கு இரண்டு நாள் முன்னால் நாகஜோதி என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மேடமுங்க, ஒரு வார்த்தை பேசலாமுங்களா?"

"உள்ள வாங்க ஜோதி. என்ன?"

"இந்த மோப்பத் தண்ணி அடிச்சா உண்ணி ஒண்ணுகூட மிஞ்சாதுங்களா?"

"மிஞ்சக்கூடாதுன்னுதானே அடிக்கறோம்."

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். "ஒண்ணே ஒண்ண மட்டும் விட்டுறலாமுங்களா?"

எனக்கு மூக்குமேல் கோபம் வந்துவிட்டது. "உண்ணிக்கு வக்காலத்து வாங்கிட்டு வந்தீங்களா? போன வருஷம் உங்க லைன் வீட்டுச் சுவரை யானை இடிச்சுதே, அது எதனாலன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியுமுங்க. எல்லாந் தெரியும். பாப்பா அதுக்கடியில இருக்கறா."

நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.

எங்கள் பக்கம் சின்னக் குழந்தைகளைப் புதைத்தால் கல் நடுவதில்லை, வருஷத் திதி கொடுப்பதில்லை. நரி தோண்டாமல் இருக்க மேலே முள் வெட்டிப் போடுவார்கள், அத்தோடு சரி. அந்த முள்ளும் மக்கிப் போன பிறகு இடமே தெரியாது. அப்படி மறந்துபோவதற்குத்தான் அந்த வழக்கமே என்று நினைக்கிறேன். திருமூர்த்தி அன்றைக்குப் பங்களா வேலியில் அலங்காரத்துக்கு வளர்த்திருந்த வெள்ளைப்பூ உண்ணியை வெட்டி வந்து போட்டிருக்கிறார். எல்லாக் குச்சியும் காய்ந்தது, ஒன்று மட்டும் வேர் பிடித்துக்கொண்டது. பங்களா வேலியை அடுத்த வருஷமே பிடுங்கிப் புல்தரை ஆக்கிவிட்டார்கள். குச்சி புதராகிவிட்டது.

அவளோடு போய்ப் பார்த்தேன். நாற்றுப்பண்ணைக்குப் பின்னால், ஓடை திரும்புகிற இடத்தில், என் உயரத்துக்கு நின்றது. மலையில் மற்ற உண்ணியெல்லாம் ஆரஞ்சும் ரோஸுமாகப் பூக்க, இது வெள்ளையாகப் பூத்திருந்தது. அடியில் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தாள். ஒரு கொண்டைக்குருவி உள்ளே உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தது, எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

"எனக்குன்னு இருக்கற அடையாளம் இது ஒண்ணுதானுங்க. இதுவும் போச்சுன்னா எந்த இடம்னு எனக்கே தெரியாமப் போயிரும்," என்றாள்.

மருந்து தெளிக்கப்போகிற ட்ரோன்களின் வரைபடத்தைப் போனில் திறந்து, அங்கேயே நின்று அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். வட்டத்துக்குள் ஒரு சொட்டு விழக்கூடாது என்று பூட்டினேன். "நான் சொன்னா சொன்னதுதான் ஜோதி. நிம்மதியாப் போய்த் தூங்குங்க."

"சரிங்க," என்றாள். நம்பினாளா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

குறித்த நாளில் காற்று அடங்கியிருந்தது. வானம் வெளுத்திருந்தது, மழை அறிகுறி இல்லை. நாலுகால் மெஷின் இலையோடு திரும்பி வந்தது, மருந்து கலந்தது, ட்ரோன்கள் உச்சிப் புல்வெளியிலிருந்து ஊருக்கு அப்பால் சந்தைமேடு வரைக்கும் சரிவு முழுவதும் தெளித்தன. ஓடைக்குள் ஒரு சொட்டு விழவில்லை, வட்டத்துக்குள்ளும் விழவில்லை. நான் கூடவே நின்று பார்த்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாத வேலை.

இரண்டு வாரம் கழித்துச் சரிவைப் பார்த்தால் உண்ணி தன் பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருக்கிறது. தேக்கு நன்றாக இருந்தது, அதில் குறையில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புதர்கள் மட்டும் பழுப்பேறிக் கருகி நின்றன. ஜெபராஜுக்கு முகம் செத்துப்போயிற்று.

"நூத்துல நாலுகூடச் சாகல மேடம். கம்பெனியில நான் என்னன்னு சொல்ல?"

"நாடா கட்டுன புதர் என்ன ஆச்சு? முதல்ல அதைப் பாப்போம்."

மேட்டுப் பாதைக்குப் போனோம். மஞ்சள் நாடா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. புதர் பச்சைப்பசேல் என்று நின்றது. ஒரு இலையிலும் கத்தரி பட்ட தடம் இல்லை. மெஷின் இங்கே வரவே இல்லை.

ஜெபராஜ் மெஷின் நடந்த வழியைத் திரையில் போட்டுப் பார்த்தார். பண்ணைக்குப் பின்பக்கமாகப் போய், ஓடை திரும்புகிற இடத்தில் நின்று, அங்கிருந்தே திரும்பிவிட்டிருந்தது. நான் இறங்கி நடந்தேன்.

வெள்ளைப்பூப் புதர் நன்றாகத்தான் இருந்தது. அதன் நடுத்தண்டில், மஞ்சள் கிழங்கு வைத்து முடிந்த ஒரு மஞ்சள் துணி. அதற்குச் சற்று மேலே ஒரு இலையில் சதுரமாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு இல்லை.

மஞ்சள் துணி கட்டிய செடியில் எங்கள் பக்கம் யாரும் அரிவாள் வைக்க மாட்டார்கள். என் வட்டத்தை மட்டும் நம்பாமல், சாமியிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத வட்டத்தை யார்தான் நம்புவார்கள்? வட்டம் மருந்து அடிப்பதற்குத்தான் தடை, மெஷின் நடந்து போவதற்கு இல்லை. மெஷினுக்கு மஞ்சள் என்றால் இலை எடுக்க வேண்டிய செடி.

ஜெபராஜ் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நாமதான் ரொம்பக் குறுக்கிட்டோம் மேடம். இந்த இலையக் காட்டி, அவ்வளவு குறுக்கி வச்சா, மருந்து உண்ணியத் தேடாது. இந்தச் செடியையும், இதுல இருந்து முளைச்சதையுந்தான் தேடும்."

"அப்போ கருகி நிக்கறதெல்லாம்?"

"எல்லாம் இதோட பிள்ளைங்க. பேரப் பிள்ளைங்க. குருவி தின்னுட்டுப் போயிப் போட்ட விதை."

அந்த இடத்தில் எனக்கு என்மேலும் அந்த மெஷின்மேலும் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஒரு தப்பும் நடக்கவில்லை. எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறோம். தேக்கைக் காப்பாற்றினேன், வட்டத்தைக் காப்பாற்றினேன். அந்தப் புதரின் வம்சத்தை மட்டும் மலை முழுக்கத் தேடித் தேடி அழித்திருக்கிறோம்.

நாகஜோதியிடம் நான்தான் சொன்னேன். அவள் முதலில் தன் புதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடப் பார்த்தாள். கையைப் பிடித்து நிறுத்தி, உயரத்தில் இருக்கிற வெள்ளைப்பாறைக்குக் கூட்டிப்போனேன். ஜெபராஜும் வந்தார். அங்கே நின்றால் சரிவு முழுக்கத் தெரியும்.

பச்சைக்கு நடுவே கருகின புதர்கள் பழுப்புப் பழுப்பாகத் தெரிந்தன. ஓடை திரும்புகிற இடத்தில் அவை நெருக்கமாகத் தொடங்கின. அங்கிருந்து ஓடையோடே கொஞ்ச தூரம் இறங்கின. பிறகு மின்கம்பிக்கு அடியில் வரிசையாகப் போயின, குருவிகள் கம்பியில் உட்காருவதனால். கம்பி போன வழியே ஊரைத் தாண்டி, பள்ளிக்கூடத்துப் பின்சுவர் ஓரம் ஒரு கூட்டம். அதற்கும் அப்பால் சந்தைமேட்டில் ஒன்றிரண்டு. இன்னொரு வரிசை மேலே ஏறி, நாங்கள் யாரும் போகாத உச்சிப் புல்வெளி வரைக்கும் போயிருந்தது.

என்ன நடந்தது என்று ஜெபராஜ் பொறுமையாக விளக்கினார். முடித்ததும் அவள் அந்தப் பின்சுவர்ப் பக்கம் கையை நீட்டினாள்.

"அது ஸ்கூலுங்களா?"

"ஆமா," என்றேன்.

"அந்த ஜூன்ல சேக்கறதா இருந்துச்சுங்க. பையெல்லாம் வாங்கி வெச்சிருந்தோம்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சந்தைக்குப் போயிருக்கறா பாருங்க. என்னைய விட்டு ஒரு அடி நகர மாட்டா. மேல வரைக்கும் ஏறியிருக்கறாளே."

ஜெபராஜ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எல்லாம் போச்சுங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாம் போச்சு ஜோதி. அவ தலைமாட்டுல இருக்கறது மட்டும் இருக்குது."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். சத்தம் போட்டு அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இறங்கி வரும்போதுதான் ஜெபராஜ் அதைச் சொன்னார். அவள் பின்னால் வருகிறாள் என்பதை மறந்துவிட்டார். "மேடம், இன்னும் ஆறு கேன் மிச்சம் கெடக்கு. விதிப்படி மிஞ்சுன மருந்தை இலக்குச் செடி மேலயே அடிச்சுத் தீக்கணும். கம்பெனியில அதத்தான் சொல்லுதாங்க. ஆனா இந்த மருந்துக்கு இனிமே இலக்குன்னு ஒரே ஒரு செடிதான் இருக்கு."

விதி சரியான விதிதான். அதை இந்தத் தோட்டத்தில் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்ததே நான். மிஞ்சியதை ஓடையில் ஊற்றாதே, வீட்டுக்குக் கொண்டுபோகாதே, அடித்த இடத்திலேயே அடித்துத் தீர் என்று. அந்த விதியின்படி, ஆறு கேனையும் ஒரு குழந்தையின் தலைமாட்டில் தீர்க்க வேண்டும்.

நாகஜோதி நின்றுவிட்டாள். புதரைப் பற்றித்தான் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மிச்சமுங்களா? எங்கீங்க இருக்குது?" என்றாள். குரல் மாறிவிட்டது. "மூடி கெட்டியா இருக்குதுங்களா? யாரும் எடுத்துட்டுப் போகலயே? ஊட்டுக்கு யாரும் கொண்டுட்டுப் போகலயே?"

"பூட்டி வெச்சிருக்கு. சாவி என்கிட்ட," என்றேன். இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவள் அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நடந்தாள்.

ஜெபராஜைக் கேட்டேன்: "இதைச் செடிமேல அடிக்காம முறிக்க என்ன வழி?"

"சுண்ணாம்புக் குழியில ஊத்துனா செத்துரும். காரம் பட்டா மருந்துக்குள்ள இருக்க வம்ச எழுத்தெல்லாம் அழிஞ்சிரும். ஆனா மேடம், கம்பெனியில கேட்டா?"

"யசோதான்னு ஒரு பொம்பளை விடமாட்டேன்னு நின்னுட்டான்னு சொல்லுங்க. கையெழுத்து நான் போடறேன்."

அடுத்த வருஷம் பொதுவான இலையை வைத்து, தேக்கு நாற்றுகள்மேல் மருந்து படாமல் மூடி வைத்து, சரிவை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வட்டம் அப்படியேதான் இருக்கும். ஆனால் அந்தப் புதரை இஷ்டத்துக்குப் பழுக்க விட எனக்கு அதிகாரமில்லை. காய் பிடித்தால் குருவி வரும், குருவி வந்தால் மலை முழுக்க உண்ணி. அதையும் நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. பூவிலேயே கிள்ளிவிட முடியுமா என்று கேட்டேன். அதைக் கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"கிள்ளிக்கறேனுங்க," என்றாள். "போனவரைக்கும் போதும். இனி எங்கயும் போக வேண்டாம், ஊட்டோடயே இருக்கட்டும்."

மறுநாள் காலையில் பண்ணைக்குப் பின்னால் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டினோம். கேன்களை ஒவ்வொன்றாக ஊற்றினோம். சுண்ணாம்பு கொதித்து அடங்கியது. பிறகு கேனைத் தண்ணீர் விட்டு மூன்று தரம் அலசி, அந்தத் தண்ணீரையும் குழியிலேயே விட்டோம். அதன்பின் கேனில் கடப்பாரையால் ஓட்டை போட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல நீலக் கேன் ஆயிற்றே என்று யாராவது தண்ணீர் பிடிக்க எடுத்துப் போய்விடுவார்கள். எத்தனை சொன்னாலும் எடுத்துப் போவார்கள். அதனால் ஓட்டை போடுகிற வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை.

அன்றைக்கு நாகஜோதி வந்து கடப்பாரையைக் கேட்டாள். நான் அவளுக்குக் கையுறை மாட்டிவிட்டேன், கண்ணாடியையும் போட்டுவிட்டேன். கேனை இரண்டு காலுக்கும் நடுவே நிறுத்திக் குத்தினாள். முதல் ஓட்டை சிரமப்பட்டு விழுந்தது. அப்புறம் வேகம் பிடித்தது. அடியில், பக்கத்தில், மூடியில் என்று குத்திக்கொண்டே இருந்தாள். கேன் சல்லடை ஆகிவிட்டது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"போதும் ஜோதி," என்றேன். "ஒரு ஓட்டை விழுந்தாலே போதும், யாரும் எதையும் ஊத்தி வெக்க முடியாது."

அவள் நிமிர்ந்தாள். கண்ணாடிக்குள்ளே கண் கலங்கியிருந்தது.

"ஆமாங்க," என்றாள். "அந்த ஜூஸ் பாட்டில்லயும் ஒரு ஓட்டை இருந்திருந்தாப் போதுமுங்க."

அடுத்த கேனை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். அது நகராமல் இருக்க நான் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.